கைவிடப்பட்ட நிலத்தில் ஒரு கொண்டலாத்தி

திருப்பத்தூர்
14.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. லேப் முழுக்க நாற்பது நாள் தூசி. சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கிவிட்டு உட்கார்ந்தால் கண்ணுக்குள் உன் தோட்டம்தான் நிற்கிறது. ஹெச்.எம். இரண்டு தடவை கூப்பிட்டது காதில் விழாமல் திட்டு வாங்கினேன்.

இந்தப் பார்சலில் இருபத்திரண்டு படங்கள் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். போனில் அனுப்பினால் உங்கள் மலையடிவாரத்தில் சிக்னல் கிடைத்து அது இறங்குவதற்குள் அடுத்த கோடை வந்துவிடும். முதலில் இருப்பது காலை ஆறு மணிக்கு எடுத்த செண்டுமல்லி. பனித்துளி மாதிரி தெரிகிறது இல்லையா? நீ அப்போதுதான் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தாய். யாரிடமும் சொல்லாதே, பனி என்றே இருக்கட்டும்.

அடுத்தது பூசணிப் பூவுக்குள் தலையை விட்ட தேன்சிட்டு. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டிவிட்டேன், அழுகிப்போகும் என்று என் கையை மடக்கினாயே, “வெரல நீட்டினா அழுவும், கேமராவ நீட்டினா அழுவாதா” என்று நான் கேட்டதும் யோசித்துவிட்டு அந்தப் பந்தலில் ஒரு பழைய செருப்பைக் கட்டினாயே. அந்தப் பூசணி என்ன ஆயிற்று?

ஜமுனாமரத்தூர் போன நாள் எடுத்தவை கடைசியில் இருக்கின்றன. பீமன் அருவியில் தண்ணீர் இல்லை, பாறையைத்தான் எடுத்தேன். ரோட்டோரம் குவித்திருந்த பலாப்பழம் நன்றாக விழுந்திருக்கிறது.

ஒரு விஷயத்துக்கு மன்னித்துக்கொள். நாற்பது நாளும் “அக்கா தள்ளிப் போ, வாளிய எடு, கொடியில துணிய எடு” என்று உன்னை விரட்டிக்கொண்டே இருந்தேன். இயற்கைப் படத்தில் மனிதரும் மனிதர் சாமானும் வரக் கூடாது என்பது எங்கள் போட்டோ குழுவின் விதி. மேல்கொல்லையில், காய்ந்த தரையில் கொண்டையை விரித்துக்கொண்டு ஒரு கொண்டலாத்தி நடந்துபோனதே, அந்தப் படத்தைப் போட்டிக்கு அனுப்பப் போகிறேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அது ஒன்றுதான்.

பொண்ணு சுவேதா, தன் அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
பூபாலன்

*

நெல்லிக்குட்டை
27.6.2024

பூபாலா,

பார்சல் வந்தது. பக்கத்துக் கொல்லைக்காரி சின்னக்குழந்தை கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, “இது யாரு தோட்டம்க்கா, இம்மாம் அழகா கீது” என்றாள். நேற்றுக் காலையில் அவள் கனகாம்பரம் பறித்துக்கொண்டு போன தோட்டம்தான் என்றேன். நம்ப மாட்டேன் என்கிறாள்.

பூசணி அழுகவில்லை. இரண்டு வீட்டுக்கு மூன்று நாள் குழம்புக்கு ஆனது. செருப்புக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், உனக்கில்லை.

உங்கள் மாமா போன இந்த மூன்று வருஷத்தில், நீ இருந்த நாற்பது நாள்தான் நான் இரண்டு தட்டு வைத்துச் சோறு போட்டேன். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஒருத்தன் “அக்கா தள்ளிப் போ” என்று கத்திக்கொண்டே இருந்தது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

நீ சொன்ன மாதிரியே தனிப் பட்டாவுக்கு எழுதிப் போடப் போகிறேன். மாமனார் அண்ணன் தம்பி இருவருக்கும் கல் நட்டுப் பிரித்துக் கொடுத்து இருபது வருஷம் ஆகிறது. காகிதத்தில் மட்டும் இன்னும் கூட்டாகவே கிடக்கிறது. எனக்கென்று இருப்பது மேல்கொல்லை, கிணறு, தோட்டம் எல்லாம் சேர்த்து அந்த ஒரு ஏக்கர்தான். அது என் பேரில் வந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குவேன். மாமாவின் அண்ணன், உங்கள் பெரிய மாமாவிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். “செஞ்சிக்கோம்மா, எனக்கு இன்னா” என்றார்.

அவர் பையன் ராஜேஷுக்குப் பெண் பார்க்கிறார்கள். நம் சுவேதாவைப் பேசட்டுமா? எனக்குப் பக்கத்திலேயே இருப்பாள். பையனும் தங்கமானவன். யோசித்து எழுது.

ஆடி மழைக்கு மேல்கொல்லையில் வேர்க்கடலை போட வேண்டும். விதை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த கோடைக்கும் வா.

அக்கா,
ஆனந்தி

*

நெல்லிக்குட்டை
11.6.2025

பூபாலா,

ஒரு வாரமாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ அதைப் பிடித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுத்தில் பதில் சொல்.

போன புதன்கிழமை தாலுகா ஆபீஸில் பட்டா விசாரணை. ஒரு வருஷம் அலைந்து வந்த தேதி. துணை தாசில்தார் என்னை உட்காரச் சொல்லி, “உங்க வீட்டுக்காரர் அண்ணன் துரைக்கண்ணு ஆட்சேபணை குடுத்திருக்கார்மா” என்றார். பெரிய மாமா எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார், முகத்தைக்கூடத் திருப்பவில்லை. பாகமே பிரியவில்லையாம். நான் அந்த நிலத்தை அனுபவிக்கவில்லையாம். தம்பி செத்ததிலிருந்து தரிசாகப் போட்டுவிட்டேனாம்.

அதற்குச் சாட்சியாக ஒரு காலண்டர் தாளைக் காட்டினார்கள். உங்கள் போட்டோ குழு போட்ட இந்த வருஷக் காலண்டரில் மே மாதம். என் மேல்கொல்லை. உன் கொண்டலாத்தி. கீழே அச்சில், “கைவிடப்பட்ட நிலத்தில் ஒரு கொண்டலாத்தி. படம்: ச. பூபாலன்.”

“சார், அது மானாவாரிக் கொல்ல. மே மாசத்துல எவன் கொல்லையும் அப்டித்தான் கெடக்கும்” என்றேன்.

“நான் சொல்லலம்மா, உங்க தம்பி எழுதியிருக்கார்” என்றார் அந்த அதிகாரி. கிண்டலாகச் சொல்லவில்லை. பாவப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ யாருடைய கொல்லையைக் கைவிடப்பட்ட நிலம் என்று எழுதினாய்? அந்தத் தாள் அவர் கைக்கு எப்படிப் போனது? போன சித்திரையில் சுவேதா நிச்சயதார்த்தத்தின்போது நீயும் அவரும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றீர்கள். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவள் நான். இந்தக் கோடைக்கு ஏன் நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

இதில் உனக்குப் பங்கு இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுது. நம்புகிறேன்.

ஆனந்தி

*

திருப்பத்தூர்
18.6.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நீ என்னைப் போய்ச் சந்தேகப்படுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

போட்டோவுக்குத் தலைப்பு வைப்பது ஒரு ரசனை. “எங்க அக்கா ஆடியில் கடலை போடப்போகும் கொல்லை” என்று தலைப்பு வைத்தால் எவன் பரிசு கொடுப்பான்? வெறும் தரை, தனியாக ஒரு பறவை. பார்க்கிறவர் மனதில் ஒரு ஏக்கம் வர வேண்டும். அதற்காக வைத்த வார்த்தை அது. பட்டா விஷயம் அப்போது என் நினைவிலேயே இல்லை. அந்தப் படம் மாநில அளவில் மூன்றாம் பரிசு வாங்கியது, நீகூடப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாய்.

காலண்டர் முந்நூறு பிரதி அச்சடித்தோம். யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். பெரிய மாமாவிடம் நான்தான் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்கிறாய்? அவரைப் போய் நான் கேட்கவும் முடியாது. ஆவணியில் கல்யாணம். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் நிமிர்ந்து பேச முடியுமா? உனக்குத் தெரியாததா?

நான் சொல்வதைக் கேள். கல்யாணம் முடிகிற வரைக்கும் அந்த மனுவைத் தள்ளி வை. உன்னை அந்தக் கொல்லையிலிருந்து யார் துரத்தப் போகிறார்கள்? காகிதம் இன்றைக்கு வந்தால் என்ன, ஒரு வருஷம் கழித்து வந்தால் என்ன? எல்லாம் நமக்குள் இருக்கிறவர்கள்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். போனை எடு.

உன் தம்பி,
பூபாலன்

*

நெல்லிக்குட்டை
27.6.2025

பூபாலா,

ஒரு வரி கேட்டேன். ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி மட்டும் அதில் இல்லை.

தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்து, பெரிய மாமா தாக்கல் செய்த காகிதங்களின் நகல் வாங்கினேன். காலண்டர் தாளோடு அதே படத்தின் பிரிண்ட் ஒன்றும் இருக்கிறது. அதன் பின்பக்கத்தையும் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். கையால் எழுதியிருக்கிறது: “இது நெல்லிக்குட்டை மேல்கொல்லை. 12.5.2024 அன்று என்னால் எடுக்கப்பட்டது. பயிர் எதுவும் இல்லை.” கீழே கையெழுத்து. கையெழுத்துப் போட்ட தேதி 2.5.2025. நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டு வாரம்.

உன் எழுத்து எனக்குத் தெரியாதா? சிலேட்டில் உன் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான்தானே. தபாலில் வந்த உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. சின்னக்குழந்தைதான் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மே பன்னிரண்டாம் தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை. நீ அந்தக் குருவி பின்னாலேயே வெயிலில் இரண்டு மணி நேரம் தவழ்ந்துவிட்டு வந்தாய். கிணற்றடியில் உன் தலையில் தண்ணீர் ஊற்றினேன். அவரைக்காய்ப் பொரியலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாய். அந்த அவரைக்காய் எங்கே விளைந்தது? அந்தக் குருவி நடந்த இடத்திலிருந்து பதினைந்து அடி இறங்கினால் என் பந்தல். “பயிர் எதுவும் இல்லை” என்று எழுதுகிறபோது அந்த ருசிகூட உன் நாக்கில் வரவில்லையா?

பெரிய மாமா செய்தது ஆசையில் செய்தது. ஊரில் நாலு பேர் செய்கிறதுதான். நீ செய்ததற்கு எனக்குப் பேர் தெரியவில்லை.

நீ எடுத்த எல்லாப் படமும் எனக்கு வேண்டும். தோட்டம், கிணறு, பந்தல், தேதியோடு. ஜூலை 23 அடுத்த விசாரணை. அழித்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதே. நீ சாப்பிட்ட தட்டைத் தொலைப்பாய், படத்தை அழிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஆனந்தி

*

திருப்பத்தூர்
5.7.2025

அக்கா,

மறைக்க இனி ஒன்றும் இல்லை. நான்தான் எழுதினேன்.

மண்டபம் பார்த்த விஷயமாக அன்றைக்குப் பெரிய மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அந்தக் காலண்டர் மாட்டியிருந்தது. நான்தான் நிச்சயதார்த்தத்தன்று ஆசையாகக் கொடுத்தது. எல்லோரும் படத்தைப் புகழ்ந்தார்கள். காபி வந்தது. மாமா ஒரு பிரிண்டை எடுத்து வந்து, “பூபாலா, இதுக்குப் பின்னால எந்த எடம், இன்னா தேதின்னு ரெண்டு வரி எழுதிக் குடுபா” என்றார்.

“அது அக்கா கொல்லையாச்சே மாமா” என்றேன். அதைச் சொன்னேன் அக்கா, சத்தியமாகச் சொன்னேன்.

“அக்கா கொல்ல இன்னா, நம்ம கொல்ல இன்னா? நாளைக்கு ராஜேஷுக்கும் உன் பொண்ணுக்கும்தான வரப் போவுது. அது ஒண்டிக்கட்ட. யாராச்சும் பேச்சுக் குடுத்து எழுதி வாங்கிட்டா அப்ப இன்னா பண்ணுவ?” என்றார்.

சம்பந்தியம்மா, ராஜேஷ், அவன் அண்ணன்மார் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “பயிர் எதுவும் இல்லை” என்று அவர் சொன்னபோது பேனா நின்றது. அந்தப் படத்துக்குள் பயிர் இல்லை என்பது உண்மைதானே என்று நினைத்துக்கொண்டேன். எழுதிவிட்டேன். பிறகு கேசரி கொடுத்தார்கள். அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

எப்படியும் உனக்குப் பிறகு அது சுவேதாவுக்குத்தான் என்று என் மனதிலும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோடைக்கு உன் முகத்தைப் பார்க்க முடியாது என்றுதான் வரவில்லை.

இதோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அந்தக் கோடையில் எடுத்த நானூற்றுப் பன்னிரண்டு படமும் தேதியோடு இருக்கிறது. ஒன்றுகூட நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. இதைக் காட்டினால் உனக்குப் போதும். நான் வர வேண்டும் என்று மட்டும் கேட்காதே அக்கா. பெண்ணைப் பெற்றவன்.

பூபாலன்

*

நெல்லிக்குட்டை
13.7.2025

பூபாலா,

செங்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானும் சின்னக்குழந்தையும் நானூற்றுப் பன்னிரண்டு படத்தையும் பார்த்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. அந்தக் கடைப் பெண் எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “ஊட்டியாக்கா?” என்று கேட்டது.

என் செண்டுமல்லி இருக்கிறது. சம்பங்கி இருக்கிறது. அவரைப் பூ மட்டும் அறுபது படம். எதிலும் நான் இல்லை. என் வாளி இல்லை, ரப்பர் குழாய் இல்லை, கொடியில் காய்ந்த என் சேலை இல்லை. கிணற்றுக்குள் தொங்குகிற தூக்கணாங்குருவிக் கூடு இருக்கிறது, கிணறு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தோட்டமும் மேல்கொல்லையும் சேர்ந்து விழுந்த படம் ஒன்றுகூட இல்லை. இது என் தோட்டம் என்று சொன்னால் அந்த அதிகாரி எதை வைத்து நம்புவார்?

ஒரே ஒரு படத்தில், வெண்டைச் செடிக்குப் பக்கத்தில் என் முந்தானை நுனி தெரிந்தது. சின்னக்குழந்தைதான் “அக்கா, உன் பொடவ” என்று கத்தினாள். அடுத்த படத்தைத் தட்டினால் அதே வெண்டைச் செடி, முந்தானையை வெட்டி எடுத்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அங்கேயே அழுதேன், ஊரே பார்க்க.

படம் எடுத்ததில் நீ கெட்ட எண்ணத்தோடு செய்தது ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தள்ளிப் போ என்றாய், போனேன். ஆனால் இப்போது என்னிடம் படம் இல்லை. நீதான் இருக்கிறாய். அந்தத் தோட்டத்தில் நாற்பது நாள் கூடவே இருந்து பார்த்த ஆள் நீ. அந்தப் படத்தை எடுத்த ஆளும் நீ. நீ வந்து, அது கோடையில் எடுத்தது, கீழே தோட்டம் இருந்தது, அக்காதான் பயிர் வைக்கிறாள் என்று வாயைத் திறந்து சொன்னால் போதும். வேறு சாட்சிக்கு ஏர் ஓட்டுகிற முனிசாமியைக் கேட்டேன். அவன் பெரிய மாமா டிராக்டரில் வேலை செய்கிறவன், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். சின்னக்குழந்தை மட்டும் வருகிறாள்.

சுவேதாவுக்கு என்று எழுதியிருந்தாய். அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவள் பிறந்த அன்றிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் கொடுத்தால் அது அவள் பேரில் இருக்கும். அவர்கள் பிடுங்கினால் மூன்று அண்ணன் தம்பிக்கும் நடுவில் போகும், அவளுக்கு அதில் ஒரு மல்லிச்செடி வைக்கக்கூட உரிமை இருக்காது. இதை நீ யோசிக்கவே இல்லையா?

23ஆம் தேதி காலை பத்து மணிக்கு வா. உன்னிடம் நான் கேட்கிறது இது ஒன்றுதான். வந்தால் நடந்ததை எல்லாம் நான் மறந்துவிடுவேன். முயற்சி செய்கிறேன் என்று சொல்லவில்லை, மறந்துவிடுவேன்.

அக்கா

*

திருப்பத்தூர்
18.7.2025

அன்புள்ள அக்கா,

கட்டாயம் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை சுவேதா எடுத்துப் படித்துவிட்டாள். “அத்தைக்காகப் போப்பா. இதனால நின்னு போற கல்யாணம் நின்னே போவட்டும்” என்றாள். அவள் அம்மாதான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இருந்தாலும் நான் முடிவு செய்துவிட்டேன். நான் எழுதியதை நானே வந்து மாற்றிச் சொல்கிறேன். நம் அம்மா மேல் ஆணை.

பத்து மணிக்கு முன்பே ஆபீஸ் வாசலில் நிற்பேன். நீ தைரியமாக இரு.

உன் தம்பி,
பூபாலன்

*

நெல்லிக்குட்டை
25.7.2025

திரு. ச. பூபாலன் அவர்களுக்கு,

நேற்று முன்தினம் நடந்ததை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியிருப்பதால் இதை எழுதுகிறேன். நீங்கள் உள்ளே வராததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நீங்கள் சொன்னபடி பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை. எனக்கு உயிர் வந்தது. சின்னக்குழந்தையின் கையைப் பிடித்து அழுத்தினேன். பிறகு கார் வந்து நின்றது. ராஜேஷின் அண்ணன் இறங்கி உங்களிடம் ஏதோ பேசினான். உங்களை டீக்கடைக்கு அழைத்துப் போனான். திட்டியதாகவோ மிரட்டியதாகவோ தெரியவில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டுதான் போனீர்கள்.

சின்னக்குழந்தை தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். பக்கத்துக் கொல்லைக்காரி, வேண்டியவள் என்று பெரிய மாமா சொன்னார், அதையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு அதிகாரி, “படம் எடுத்தவர் வர்றார்னு சொன்னீங்களே” என்றார். வந்திருக்கிறார் சார், வெளியே இருக்கிறார் என்றேன். உதவியாளர் வாசலில் நின்று உங்கள் பேரைக் கூப்பிட்டார். மூன்று தடவை. டீக்கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். முதல் தடவை கூப்பிட்டபோதே நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நீங்கள் கையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

அனுபவம் யாருடையது என்பதில் தகராறு இருப்பதால் தனிப் பட்டா கொடுக்க முடியாது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று உத்தரவு ஆனது. அன்று சாயங்காலமே மேல்கொல்லையில் அவர்களுடைய டிராக்டர் இறங்கிவிட்டது. முனிசாமிதான் ஓட்டினான். நான் எடுத்து வைத்திருந்த விதைக்கடலை பானையில் அப்படியே இருக்கிறது. தோட்டத்துப் பக்கம் இன்னும் வரவில்லை. வருவார்கள். செங்கத்தில் ஒரு வக்கீலைப் பார்த்து கேஸ் போடப் போகிறேன். எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. சாட்சிகள் பேர் எழுதச் சொன்னால் உங்கள் பேரை எழுத மாட்டேன், பயப்பட வேண்டாம்.

நீங்கள் உள்ளே வரவில்லை என்றானதும் அதிகாரி என் வாக்குமூலத்தை எழுதி முடித்தார். கடைசியாக, “படம் எடுத்த பூபாலன் உங்களுக்கு என்ன வேணும்மா?” என்று கேட்டார்.

“தெரிஞ்சவர்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். போன தடவை அவரே உங்களை என் தம்பி என்று சொன்னவர்தான். நான் சொன்னபடியே எழுதினார். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். வாக்குமூலத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

ஆவணிக் கல்யாணத்துக்கு நான் வருவேன். சுவேதா முகத்துக்காக வருவேன். என் புருஷன் வழியில் மாப்பிள்ளைக்கு நான் சித்தி. அந்த முறையில் மாப்பிள்ளை வீட்டாரோடு வந்து, அவர்கள் வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போவேன். பெரிய மாமா என் நிலத்தை எடுத்துக்கொண்டவர், அவர் பக்கத்தில் உட்கார எனக்கு முடியும். பெண் வீட்டார் பத்திரிகையில் அத்தை என்று என் பேர் போட்டிருந்தால், அச்சுக்குப் போவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆனந்தி தனசேகரன்